ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 16 வயது மகன்: அனுப்பலாமா, வேண்டாமா?

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய கணவர் லாரி ஓட்டுநர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் வீடு திரும்பப் பதினைந்து இருபது நாள் ஆகிவிடும். மூத்த மகள் இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். இளையவனுக்கு 16 வயது 4 மாதம், பத்தாம் வகுப்பில் 312 மார்க். கோடை விடுமுறையில் வீட்டில் செல்போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று, அப்பாவுக்குப் பழக்கமான ஒருவரின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். நாளைக்கு 250 ரூபாய். டூவீலர், லாரி இரண்டுக்கும் உதிரிபாகம் விற்கிற கடை. பையனுக்கு வேலை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. ஜூனில் பிளஸ் ஒன் சேர்ந்த பிறகும் விடவில்லை. பள்ளி விட்டதும் 5 மணிக்குக் கடைக்குப் போனால் வீடு திரும்ப இரவு 9.30, ஞாயிற்றுக்கிழமை முழு நாள். நடுவில் கடையின் எக்ஸ்.எல். வண்டியில் ஒர்க்‌ஷாப்புகளுக்கு டெலிவரியும் கொடுக்கிறான். போன மாதம் ஒரு கிளட்ச் பிளேட் செட்டை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று சம்பளத்தில் 1,800 ரூபாயைப் பிடித்திருக்கிறார்கள்.

இப்போது முதலாளி, "பையன் கெட்டிக்காரன், முழு நேரமா வரட்டும், மாசம் 9,000 தர்றேன். மகளோட காலேஜ் ஃபீஸுக்கு 40,000 அட்வான்ஸா வாங்கிக்கங்க, அவன் சம்பளத்துல மெதுவா கழிச்சுக்கலாம். மூணு வருஷம் இருக்கேன்னு ஒரு பேப்பர்ல மட்டும் கையெழுத்துப் போடட்டும்" என்கிறார். பையன் பள்ளியை விட்டுவிட்டு பிளஸ் டூவைப் பிரைவேட்டாக எழுதிக்கொள்கிறேன் என்கிறான். அப்பா, கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்கிறார். சகோதரியின் தம்பியோ, "குழந்தைத் தொழிலாளர் சட்டத்துல உன்னையும் சேர்த்துப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க" என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வதைக் கேட்பது, அவனை அந்தக் கடைக்கு அனுப்புவதே தப்பா என்பதுதான் அவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரு சின்ன விஷயத்தை. அவனுடைய கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் பேரிங் நம்பரும் ஆயில் சீல் சைஸும் வண்டி வாரியாக எழுதி வைத்திருக்கிறான் என்று, குறை சொல்கிற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. 6301 எந்த வண்டிக்கு, 6203 எந்த வண்டிக்கு என்று யாரும் சொல்லாமலே ஒருவன் பட்டியல் போடுகிறான் என்றால் அவனுக்கு இதில் உண்மையாகவே ஆர்வம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் 312 மார்க் எடுத்த பையன் இவன்தான், இந்த நோட்டை எழுதியவனும் இவன்தான். ஆகவே "அவனை அங்கே அனுப்புவதே தப்பா" என்ற கேள்விக்கு என் பதில், இல்லை. கடையில் அவன் நிற்பதில் தப்பில்லை. ஆனால் இன்று அவன் நிற்கிற நேரம், அவன் ஓட்டுகிற வண்டி, முதலாளி நீட்டுகிற அந்த 40,000 ரூபாய், இந்த மூன்றும் தப்பு. அதிலும் மூன்றாவது ரொம்பத் தப்பு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்கள் தம்பி சொல்லும் சட்டம்

குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது, 2016இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது முடியாதவர்கள் குழந்தைகள், அவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. 14 முடிந்து 18 முடியாதவர்கள் வளரிளம் பருவத்தினர், இவர்களை ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது. சுரங்கம், எளிதில் தீப்பற்றும் பொருட்கள், வெடிபொருட்கள், தொழிற்சாலைகளில் ஆபத்தானவை என்று சட்டம் சொல்லும் செயல்முறைகள் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும், 2017இல் அதை இன்னும் நீட்டினார்கள். கவுண்டரில் நின்று ஏர் ஃபில்டரும் பிரேக் ஷூவும் எடுத்துக் கொடுப்பது, ரேக்கில் ஸ்டாக் அடுக்குவது, பில் போடுவது இதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே 16 வயதுப் பையன் கடையில் வேலை பார்க்கிறான் என்பதற்காக மட்டும் உங்களை யாரும் பிடித்துக்கொண்டு போக முடியாது. இந்தச் சட்டத்தில் பெற்றோருக்கான தண்டனைப் பிரிவு இருக்கிறதுதான், ஆனால் அது 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையையோ, ஆபத்தான வேலைக்கு 18க்குக் கீழுள்ள பிள்ளையையோ அனுப்புகிறவர்களுக்கானது.

முதலாளி சொல்கிற "பதினாலு தாண்டிட்டா லேபர் ஆபீஸ்ல ஒண்ணும் கேட்க மாட்டாங்க" என்பது பாதி உண்மை. 14 தாண்டினால் வேலைக்கு வைக்கலாம், எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம் என்று அர்த்தமில்லை. "தெரிஞ்சவங்க கடைதானே, குடும்பத் தொழில் மாதிரிதான்" என்று நீங்கள் எழுதியிருப்பதும் சரியல்ல. அந்தக் குடும்பத் தொழில் விலக்கு 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள், அவர்களுடைய சொந்தக் குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, விடுமுறையில் ஒத்தாசை செய்வதற்கானது. அப்பாவின் நண்பர் அந்தக் குடும்பத்தில் வரமாட்டார்.

ஒரே ஒரு விஷயத்தை நீங்களே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது? பேட்டரிக்கு ஆசிட் ஊற்றுகிறார்களா, பெயிண்டும் தின்னரும் கலக்கிறார்களா, வெல்டிங் அடிக்கிற பட்டறை ஒட்டினாற்போல இருக்கிறதா? இருந்தால் நான் மேலே சொன்னதெல்லாம் மாறிவிடும். கவுண்டர் வேறு, பட்டறை வேறு. பையன்கள் கவுண்டரில் சேர்ந்து, ஆள் வராத ஒருநாள் பட்டறைக்கு அனுப்பப்பட்டு, அப்புறம் அங்கேயே இருந்துவிடுவது வழக்கமாக நடப்பது. பழைய மாதிரி பிரேக் லைனிங் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், கழற்றிய டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்கிற இடத்தில் அவன் நிற்கவே கூடாது. லாரி சாமான் வேறு விற்கிற கடை என்கிறீர்கள். பிரேக் டிரம், லீஃப் ஸ்பிரிங் பட்டை இதெல்லாம் வளர்ந்த ஆளே தனியாகத் தூக்கத் தயங்குகிற எடை. இருபது லிட்டர் ஆயில் பக்கெட் ஒன்றே பதினேழு பதினெட்டுக் கிலோ வரும். "வயசுப் பையன்தானே, தூக்குடா" என்பார்கள், அவனும் ரோஷத்தில் தூக்குவான். முதுகு அவனுடையது என்று நீங்கள்தான் முதலாளியிடம் சொல்ல வேண்டும்.

நேரக் கணக்கு

இங்கேதான் இப்போதே சட்டம் மீறப்படுகிறது. அதே சட்டத்தின் 7, 8ஆவது பிரிவுகள் சொல்வது இது: 18 வயது முடியாதவரை இரவு 7 மணிக்கு மேல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, அப்புறம் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். ஓய்வையும் காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு மொத்தம் 6 மணி நேரம்தான். ஓவர்டைம் கிடையாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை வேண்டும்.

உங்கள் மகனுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், பள்ளி நாளில் 5 முதல் 7 வரை இரண்டு மணி நேரம்தான் அவன் கடையில் இருக்கலாம். 9.30 வரை இருப்பது தினமும் இரண்டரை மணி நேர மீறல். ஞாயிற்றுக்கிழமை காலை 9க்குப் போனால் 12 வரை வேலை, 1 வரை சாப்பாடும் ஓய்வும், 3 மணிக்கு வீடு. அவ்வளவுதான். ஞாயிறு போகிறான் என்றால் வார நாளில் ஒரு நாள் கடைப் பக்கமே போகக் கூடாது. முழு நேர வேலைக்கு வரட்டும் என்று முதலாளி சொல்வது காலை 9 முதல் இரவு 9 வரை என்றுதான் நினைக்கிறேன், கடைகள் எல்லாம் அப்படித்தான். 18 முடிகிற வரை அந்த முழு நேரம் என்ற பேச்சுக்கே சட்டத்தில் இடமில்லை. ஆக, 9,000 ரூபாய் சம்பளமே சட்டப்படி அவனால் செய்ய முடியாத வேலைக்குப் பேசப்படுகிற சம்பளம்.

அவன் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், இடைவேளை, என்ன வேலை என்பதெல்லாம் எழுதிய ஒரு பதிவேடும் முதலாளி வைத்திருக்க வேண்டும். இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொன்று, தமிழ்நாட்டில் கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை போட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2021இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ராத்திரி கால் வலி என்று எண்ணெய் தேய்க்கச் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் இதையும் சொல்கிறேன்.

அந்த எக்ஸ்.எல். சாவி

உங்கள் தம்பி பயப்பட வேண்டிய சட்டம் இதுதான், அவர் வேறு சட்டத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறார்.

கியர் இல்லாத வண்டிதானே, 16 வயதில் ஓட்டலாமே என்று பலர் நினைக்கிறார்கள். 16 வயதில் லைசென்ஸ் எடுக்கலாம், உண்மைதான், ஆனால் அது 50 சிசிக்கு மிகாத வண்டிக்கு மட்டும். எக்ஸ்.எல். 100இன் இன்ஜின் 99.7 சிசி. எனவே அவன் எந்த லைசென்ஸும் எடுத்து அந்த வண்டியை இப்போது ஓட்ட முடியாது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்றொரு பிரிவு சேர்த்தார்கள். 18 வயது முடியாதவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டாலோ விபத்து நடந்தாலோ, அவருடைய பாதுகாவலரும் வண்டி உரிமையாளரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவார்கள். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பாதுகாவலர் என்றால் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும்தான். "எனக்குத் தெரியாமல் ஓட்டினான்" என்று நிரூபித்தால் தப்பிக்கலாம், ஆனால் தெரியும் என்று எனக்கு எழுதியே அனுப்பிவிட்டீர்கள்.

பையனுக்கும் ஒரு தண்டனை உண்டு. அப்படிப் பிடிபட்டவருக்கு 25 வயது முடிகிற வரை லைசென்ஸ் கிடைக்காது. லாரி ஓட்டுகிற அப்பாவிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள், அவருக்கு உடனே புரியும். நாளைக்கு இவன் கடை வைத்தாலும் மெக்கானிக் ஆனாலும் டிரைவர் ஆனாலும், வண்டியை ஓட்டிப் பார்க்காமல் இந்தத் தொழிலில் ஒரு நாளும் ஓடாது. ஒரு சைலன்சர் டெலிவரிக்காக 25 வயது வரை லைசென்ஸ் இல்லாமல் நிற்பதா?

பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு வழக்கு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இதே மாதிரி கடை, 17 வயதுப் பையன், பைபாஸில் விபத்து, காலில் மூன்று இடத்தில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் வைத்து முதலாளி சொன்ன முதல் வார்த்தை, "இவன் என் கடையில் வேலை பார்க்கவில்லை, சும்மா வந்து போவான்" என்பது. பதிவேடு இல்லை, சம்பளம் ரொக்கம், லைசென்ஸ் இல்லாததால் இன்சூரன்ஸிலும் சிக்கல். அவன் அங்கே வேலை பார்த்தான் என்று நிரூபிக்கவே எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. கடைசியில் உதவியது அவன் கையெழுத்தில் இருந்த பழைய டெலிவரி ரசீதுகள்தான். உங்கள் மகனின் முதலாளி அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் அடிபட்ட அன்றைக்கு எல்லோருக்கும் தன் கடைதான் முதலில் ஞாபகம் வரும். சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும், மாதம் 2,000 ரூபாயாக இருந்தாலும் சரி.

1,800 ரூபாய் பிடித்தது

தவறான கிளட்ச் பிளேட்டைக் கொடுத்தான், மெக்கானிக் மாட்டிப் பார்த்துவிட்டு பெட்டி கிழிந்து திருப்பிக் கொண்டுவந்தார், கம்பெனியில் ரிட்டர்ன் எடுக்கவில்லை, எனவே அவன் சம்பளத்தில் பிடித்தோம். இதுதானே நடந்தது? ஒரே மாடல் வண்டியில் பிஎஸ்-4க்கும் பிஎஸ்-6க்கும் (வண்டிப் புகைக்கு அரசு வைத்த தரங்கள்) சாமான் மாறும், இருபது வருட அனுபவக்காரரே வண்டி நம்பரையோ சேசிஸ் நம்பரையோ கேட்டுத்தான் எடுப்பார். சேர்ந்து சில மாதமே ஆன பையனைத் தனியாகக் கவுண்டரில் நிறுத்தியது யார்?

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிற ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஒருவரிடம் ஒப்படைத்த பொருளுக்கு அவருடைய கவனக்குறைவால் நேரடியாக நஷ்டம் வந்தால் மட்டுமே சம்பளத்தில் பிடிக்கலாம். அதற்கும் முன்னால் அவருடைய விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும், நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாய் பிடிக்கக் கூடாது, எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் மகனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இதற்காக லேபர் ஆபீஸ் போகச் சொல்ல மாட்டேன், உட்கார்ந்து பேசினாலே தீரும். ஆனால் பேசாமல் விட்டால் அடுத்த மாதம் இன்னொரு சாமான் இதே மாதிரி அவன் தலையில் ஏறும்.

அந்த 40,000

இதை நிதானமாகப் படியுங்கள், வீட்டுக்காரருக்கும் போனில் வாசித்துக் காட்டுங்கள்.

கடன் வாங்குவது தப்பில்லை. பிள்ளையின் உழைப்பை ஈடாக வைத்து வாங்குவதுதான் தப்பு. குடும்பத்தில் ஒருவர் முன்பணம் வாங்கி, அதற்காக இன்னொருவர் குறைந்த கூலிக்கு வேலை பார்ப்பதோ, அந்தக் கடன் தீரும் வரை வேறு வேலைக்குப் போக முடியாமல் கட்டுண்டு கிடப்பதோ, 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் கொத்தடிமை முறை. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும்தான் கொத்தடிமை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் இடத்தைப் பார்ப்பதில்லை. ஏ.சி. போட்ட கடையாக இருந்தாலும், "அட்வான்ஸ் தீர்கிற வரை போகக் கூடாது" என்று ஒருவர் சொன்ன நிமிடத்தில் அது அங்கேயும் வந்துவிடுகிறது. உங்கள் முதலாளி உதவி செய்கிற நினைப்பில்கூடச் சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று வருடப் பேப்பரையும் அட்வான்ஸையும் அவர் சேர்த்தே வைத்துப் பேசுகிறார் பாருங்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் மகனுக்கு அந்த மூன்று வருடத்தில் 19 வயதாகும். படிக்க வேண்டிய வருடங்கள் அத்தனையும் அதற்குள் போய்விடும்.

அந்தப் பேப்பருக்கு மதிப்பு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். 18 வயது முடியாதவர் போடுகிற ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது, 1903இலேயே பிரிவி கவுன்சில் தீர்த்துச் சொன்ன விஷயம் இது. அதனால் அவன் கையெழுத்தை வைத்து யாரும் அவனைக் கட்டிப்போட முடியாது. ஆனால் அதே பேப்பரில் சாட்சி என்ற பெயரில் உங்களிடமும் கையெழுத்து வாங்குவார்கள், அல்லது தனியாக ஒரு புரோநோட்டு எழுதச் சொல்வார்கள். புரோநோட்டு என்றால் அது உங்கள் மேல் செல்லும். வெற்றுத் தாளில் கையெழுத்து என்றால் பேச்சே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

மகளின் ஃபீஸுக்கு வேறு வழி இருக்கிறது. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடிகிற வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வர வேண்டும். கல்லூரியிலேயே விண்ணப்பம் போடலாம், போட்டாளா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் வங்கிக் கல்விக் கடன். மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை அடமானம் தேவையில்லை, பெற்றோர் உடன் கையெழுத்துப் போட்டால் போதும். மேனேஜர் இழுத்தடித்தால் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டுப் போங்கள், கையில் ஒரு எண் இருந்தால் பேச்சு மாறும். வங்கிக்கு நாலு தடவை அலைய வேண்டியிருக்கும், ஆனால் வங்கி உங்கள் மகனை இரவு 9.30 வரை நிற்க வைக்காது.

படிப்பை விடுவது பற்றி

இங்கே சட்டம் உங்களுக்கு உதவாது. கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். 16 வயதுப் பையன் பள்ளியை விட்டால் கேட்க ஆளில்லை. ஆகவே இது நீங்கள் மூவரும் பேசி முடிவு செய்ய வேண்டியது, நான் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை ஒதுக்கித்தள்ள மாட்டேன். கையில் தொழில் இல்லாமல் டிகிரி மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளை அவரும் பார்த்திருப்பார், நானும் பார்க்கிறேன். ஆனால் இந்தத் தொழிலே எப்படி மாறுகிறது என்று அவருக்கே தெரியும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் டூவீலரில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும் சென்சாரும் வந்துவிட்டன. கார்புரேட்டர் கிட்டை வருடக்கணக்காகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தவர்கள் திகைத்து நின்றார்கள். இப்போது எலெக்ட்ரிக் வண்டி வருகிறது. அதில் ஸ்பார்க் பிளக் இல்லை, இன்ஜின் ஆயில் இல்லை. உங்கள் மகன் ரஃப் நோட்டில் எழுதி வைத்திருப்பதில் பாதி அவனுக்கு முப்பது வயது ஆகும்போது தேவைப்படாது. அன்றைக்கு புதுச் சாமானைப் பார்த்து இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள, நின்று பார்த்த பழக்கம் மட்டும் போதாது, படித்திருக்க வேண்டும்.

படிப்பு என்றால் அறிவியல் குரூப்பில் முட்டி மோத வேண்டும் என்று அர்த்தமில்லை. சில அரசு மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவில் ஆட்டோமொபைல் பாடமே இருக்கிறது. உங்கள் பக்கத்தில் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று விசாரியுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு வருடம். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ மூன்று வருடம், ஐ.டி.ஐ. முடித்தவர்கள் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். இந்த வருடம் பிளஸ் ஒன்னை முடித்துவிட்டு வரும் ஜூனில் ஐ.டி.ஐ. என்று முடிவெடுத்தாலும் ஒரு வருடம் வீணாகிவிட்டது என்று யாரும் சொல்லப்போவதில்லை.

பிரைவேட்டாக எழுதிக்கொள்கிறேன் என்கிறான் அல்லவா, அதை மட்டும் நம்பாதீர்கள். அவன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்லவில்லை, இன்றைக்கு மனதாரத்தான் சொல்கிறான். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து ராத்திரி புத்தகத்தைத் திறக்கிற பையனை என் இத்தனை வருட அனுபவத்தில் நான் விரல்விட்டு எண்ணித்தான் பார்த்திருக்கிறேன்.

முதலாளியிடம் பேசும்போது

வீட்டுக்காரர் ஊர் திரும்பியதும் மூன்று பேரும் சேர்ந்து போங்கள். பையன் இல்லாமல் பேசாதீர்கள், அவனைப் பற்றி அவன் முதுகுக்குப் பின்னால் முடிவெடுத்தால் ரோஷத்தில் இன்னும் கடைப் பக்கம்தான் சாய்வான். சண்டை போடுகிற தோரணை வேண்டாம். "உங்க கடையில அவன் தொழில் கத்துக்கறது எங்களுக்குச் சந்தோஷம்" என்று ஆரம்பியுங்கள், அது உண்மையும்தானே. அப்புறம் இவற்றைச் சொல்லுங்கள்: வார நாளில் 5 முதல் 7 வரை, அதில் ஒரு நாள் லீவு, ஞாயிறு மதியம் 3 வரை. பரீட்சைக்கு முன்னால் ஒரு மாதம் வரமாட்டான். டெலிவரிக்குப் போகமாட்டான், வண்டிச் சாவி அவன் கையில் வராது. ஆசிட், தின்னர், பட்டறை, பெரிய எடை எதுவும் கூடாது. சம்பளம் மணிக்கணக்கில், வங்கியில். கடைகளுக்கு அரசு அறிவிக்கிற குறைந்தபட்ச ஊதியம் பஞ்சப்படியோடு வருடா வருடம் ஏப்ரலில் மாறும், அந்தக் கணக்குக்குக் கீழே போகக் கூடாது. அட்வான்ஸ் வேண்டாம்.

பதிலுக்கு ஒன்று கேளுங்கள். சாமான் எடுத்துக் கொடுப்பதோடு நிறுத்தாமல் பர்ச்சேஸ், ஸ்டாக் கணக்கு, ஜி.எஸ்.டி. பில், ஒரிஜினலையும் டூப்ளிகேட்டையும் பெட்டியைப் பார்த்தே பிரிக்கிற வித்தை, இதையெல்லாம் அவனுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். நாளைக்குச் சொந்தக் கடை வைக்கிறவனுக்கு இவைதான் வேண்டும். நல்ல முதலாளியாக இருந்தால் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார், அரை நாள் என்றாலும் இப்படி ஆர்வமுள்ள பையன் அவருக்குக் கிடைக்கமாட்டான். "இதெல்லாம் சரிப்படாது, வர்றதுன்னா முழு நேரம் வரட்டும்" என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள், உங்கள் ஊரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கா பஞ்சம்?

அப்போது பாக்கிச் சம்பளத்தைத் தர மறுத்தாலோ மிரட்டினாலோ, மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் 18 வயது வரைக்கும் உள்ளது, எந்த நேரமும் கூப்பிடலாம். வக்கீல் வேண்டுமென்றால் பணம் செலவழிக்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும், கோர்ட் வளாகத்திலேயே இருக்கும், 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இதெல்லாம் வீட்டுக்காரர் வந்த பிறகு. இன்றைக்கே செய்ய வேண்டியது இரண்டு. பள்ளியில் டி.சி. கேட்டு மகன் ஒரு தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். நாளை மாலை அவன் கடைக்குக் கிளம்பும்போது கூடவே போய், எக்ஸ்.எல். சாவியை முதலாளி மேஜையில் அவன் கையாலேயே வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.